செனட்டருக்கு வயிற்றுவலி

"ஹலோ... ஹலோ, பிலோமினா? மெதுவாப் பேசுடி... ஆமா, ஆமா, அண்ணன்தான்... கிசுகிசுக்காம என்ன பண்ணச் சொல்றே? கக்கூஸ்ல உட்கார்ந்திருக்கேன்... சிரிக்காதே! நீ சிரிச்சா வெளியே வரைக்கும் கேக்கும்."

செனட்டர் ஆம்ப்ரோஸ் ஹைன்ஸ் கோட்டும் டையும் கசங்காமல், மூடி வைத்த தொட்டியின் மேல் உட்கார்ந்திருந்தார். ஒட்டாவா செனட் கட்டடம் முழுக்க ஓட்டெடுப்பு மணி அடித்துக்கொண்டிருந்தது. மணி நின்றதும் சபைக் கதவைப் பூட்டிவிடுவார்கள். பூட்டியபின் எந்தக் கொம்பனும் உள்ளே போக முடியாது. அதுவரைக்கும் ஒளிந்திருந்தால் போதும்.

"அதான் மணி, வேறென்ன... இல்லைம்மா, எதிர்த்து ஓட்டுப் போட மாட்டேன்... சரி, கோழைதான். கோழைன்னே வெச்சுக்கோ. ஆனா கணக்கைக் கேளு. உள்ளே எங்க ஆளுங்க அவங்களைவிட ஒருத்தர்தான் அதிகம். அந்த ஒருத்தர் நான். நான் போகலேன்னா சரிக்குச் சரி. சரிக்குச் சரின்னா எங்க கட்சி கொண்டுவந்த படகு மசோதா தோத்துடும், இங்க அதான் விதி... ஆமா... ஆமாம்மா, படகு இப்ப மாதிரியே தினம் ஓடும். வாரத்துக்கு ஒண்ணுன்னு ஆக்கிட்டா உன் வீட்டுக்காரர், லியாண்டர் மாப்பிள்ளை, டயாலிசிஸுக்கு நீந்தியா போவார்? எனக்குத் தெரியாதா?"

அவள் விடவில்லை. நியூஃபவுண்ட்லாந்துக் கரையிலிருந்து தள்ளிக் கிடக்கும் அந்தச் சின்னத் தீவில் பிலோமினா வாயைத் திறந்தால் காற்றுகூட வழிவிட்டுத்தான் போகும்.

"எழுந்து நில்லுன்னு சுலபமாச் சொல்றே. இங்க ஒவ்வொருத்தனா எழுந்து நிக்கணும், பேரைச் சொல்லிக் கூப்பிடுவாங்க, சபையே பார்க்கும். கட்சிக்காக நாயா உழைச்சேன். மூணு தேர்தல்ல நின்னேன். நம்ம தீவுக்காரங்க மூணு தடவையும் மண்ணைக் கவ்வ வெச்சீங்க... என்னது?... நீயுமா?... மூணு தடவையுமா! அடிப்பாவி, கூடப்பொறந்தவடி நீ!... ஒரு தடவையாவது பாவம்னு... சரி, விடு. அப்படித் தோத்தவனைத்தான் பிரதமர் போன் போட்டு, 'ஆம்ப்ரோஸ், செனட்டுக்கு வந்துடு'ன்னாரு. ஊர் குடுக்காததை அந்த மனுஷன் குடுத்தாரு... தெரியும், எழுபத்தஞ்சு வயசு வரைக்கும் என்னை யாரும் அசைக்க முடியாது. பதவி போகாதுடி. 'உன்னைப் போயா நம்பினேன்'னு அவர் ஒரு வார்த்தை கேட்டா மூஞ்சியை எங்க வெச்சுக்குவேன்?... ஷ்ஷ். பேசாதே."

கதவுக்கடியில் பளபளவென்று இரண்டு கறுப்பு பூட்ஸ் வந்து நின்றன. கட்சியின் கொறடா.

"நான்தாங்க... வயித்தை ரொம்பக் கலக்குதுங்க... இல்லீங்க, எழுந்திரிக்கவே முடியலை... மன்னிச்சுக்குங்க... அப்படீங்களா? சரிங்க... ரொம்ப நன்றிங்க."

பூட்ஸ் போய்விட்டன. செனட்டர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"போயிட்டார்... திட்டலையே! 'உடம்பைப் பார்த்துக்கோ, மத்ததை நான் பார்த்துக்கறேன்'னு சொல்லிட்டுப் போறார். தங்கமான மனுஷன், அவரைப் போய் ஏமாத்தறேன் பாரு... இரு. இரு, இரு... நின்னுடுச்சு! மணி நின்னுடுச்சு பிலோமி! பூட்டிட்டாங்க!... என்ன கூச்சல் அங்க? ஊரே உன் சமையல்கட்டுலயா இருக்கு?... பாதிரியாருமா? சரி, சரி, கத்தட்டும், நல்லாக் கத்தட்டும்!"

டையை இழுத்துவிட்டுக்கொண்டு வெளியே வந்தார். தாழ்வாரத்து பெஞ்சில், காகிதக் குவளையைக் கையில் பிடித்தபடி தெல்மா பட்ஜல் உட்கார்ந்திருந்தார். எதிர்க்கட்சிக்காரர். சபைக்குள் இவரை வறுத்தெடுப்பார், வெளியே வந்தால் பேரப்பிள்ளைகளின் படம் காட்டுவார்.

"லைன்ல இரு பிலோமி... தெல்மா? நீங்க ஏங்க வெளியே? உள்ளே ஓட்டெடுப்பு... எனக்கா? இஞ்சி டீயா?... யாரு, எங்க கொறடா வந்து சொன்னாரா?"

செனட்டரின் குரல் இறங்கியது. எங்கேயும் எழுதி வைக்காத பழைய மரியாதை ஒன்று அங்கே உண்டு. ஒரு பக்கத்தில் ஒருவர் நோயில் படுத்தால், எதிர்ப்பக்கத்தில் ஒருவர் தானாக வெளியே வந்துவிடுவார். ஒருத்தருடைய வியாதியால் ஓட்டு மாறக்கூடாது என்பதற்காக. கொறடா கேட்டதும் தெல்மா மறுபேச்சில்லாமல் எழுந்து வந்திருந்தார்.

"எனக்காகவா வந்தீங்க?... ஐயோ, உள்ளே போங்க தெல்மா! ஓடுங்க!... ஆமா. பூட்டியாச்சு. நான்தான் இப்ப சொன்னேன், பூட்டியாச்சுன்னு... வேண்டாம், டீ வேண்டாம்... இல்லைங்க, வலி இல்லை. எனக்கு வயித்துவலியே இல்லை தெல்மா!"

தெல்மா அவரையே பார்த்தார். பிறகு குவளையை மெதுவாக பெஞ்சின் மேல் வைத்தார்.

"பிலோமி... கேளு. அந்தச் சத்தத்தை நிறுத்தச் சொல்லு... அவங்க பக்கமும் ஒருத்தர் குறைஞ்சுட்டாங்க, மறுபடி எங்க ஆளுங்கதான் ஒருத்தர் அதிகம். நான் சொன்ன பொய்யாலதான்... ஹலோ? கேக்குதா?... பாட்டை நிறுத்தச் சொல்லுடி!... யாரு? வேண்டாம், அவர்கிட்ட குடுக்காதே. பிலோமி, குடுக்காதே, குடுக்காதே..."

சபைக்குள் கைதட்டல் எழுந்தது. தாழ்வாரம் முழுக்கக் கேட்டது.

"...மாப்பிள்ளை. ஆமா, நல்லாயிருக்கேன்... எனக்கு எதுக்கு நன்றி?... நாளைக்கா... நாளைக்குப் படகு இருக்கும், போயிட்டு வாங்க... இங்கயா? ஆமா, இங்கயும் கைதட்டறாங்க... யாருன்னா... எங்க கட்சிக்காரங்க, மாப்பிள்ளை... ஆமா. அவங்கதான்... ஹலோ?... மாப்பிள்ளை, லைன்ல இருக்கீங்களா?... ஹலோ?"