கொல்லைக்காரர்கள்

— அண்ணே, அந்த பேனர விலக்குங்கண்ணே. பிரஷ்ஷ நனைச்சுட்டு எவ்வளவு நேரம் நிக்கறது? காஞ்சு கட்டையாப் போச்சுன்னா இந்த பாங்க் எனக்குப் புதுசு வாங்கித் தருமா?

— கத்தாத பெயிண்டரே, மணி ஆறரைதான் ஆகுது. தெரு முழிச்சுக்கப் போகுது. மேனேஜர் வந்து போட்டோ எடுத்தப்புறம்தான் நீ அடிக்கணும்னு உத்தரவு.

— முந்தாநாள் எடுத்தாரு. நேத்து எடுத்தாரு. இந்தச் சந்துச் செவுத்துக்கு என்ன, ஆல்பம் போடறாரா?

— தலைமை அலுவலகத்துக்கு அனுப்பணுமாம். எவனோ ராத்திரியில வந்து பாங்க்கைத் திட்டி எழுதிட்டுப் போறான், அதுக்கு அத்தாட்சி வேணுமே. எழுத்து தெருவுல போறவங்க கண்ணுல படக்கூடாதுன்னுதான் விடியறதுக்கு முன்னாடியே இந்த பேனர எடுத்து மாட்டிடறேன்.

— என்னமோ அச்சடிச்சிருக்காங்களே பேனர்ல. ஒரு குடும்பமே பல்லைக் காட்டிட்டு நிக்குது.

— 'உங்கள் நம்பிக்கையே எங்கள் மூலதனம்.'

— சரிதான். மூலதனத்தத்தான் மொதல்ல தின்னாங்க. நான் ஒண்ணு சொல்லட்டுமாண்ணே? இதோட மூணாவது நாளா வந்து வெள்ளையடிக்கறேன். இந்த பாங்க்ல போனஸ் பாத்தது தலைமை அலுவலக மேல்மாடிக்காரங்களுக்கு அடுத்தபடியா நான் ஒருத்தன்தான்.

— இத அவரு காதுல போட்டுடாத. நீயே ராத்திரி எழுதிட்டு, நீயே காலையில வந்து அழிச்சுக் கூலி வாங்கறேன்னு கேஸ் கட்டிடுவாரு.

— கட்டட்டுமே! இது பிரஷ் பிடிச்ச கையா என்ன? கொஞ்சம் பேனர தூக்குங்க, காட்டறேன். பாத்தீங்களா? பேனா பிடிக்கற மாதிரி அழுத்திப் பிடிச்சிருக்கான், எல்லா எழுத்துக்கும் கீழ வழிஞ்சு நிக்குது. ஆனா வரி மட்டும் கோடு போட்ட நோட்டுல எழுதின மாதிரி நேரா போகுது. ஆமா, என்னதான் எழுதியிருக்கு?

— ரெண்டு நாளா அழிச்சியே, படிக்கவே இல்லையா?

— நான் அழிக்கறதுக்குக் கூலி வாங்கறவன். படிச்சுட்டு அழிக்கணும்னா ரேட்டு வேற.

— 'வரிப்பணத்தில் போனஸ்! கொள்ளைகாரர்கள்!' இது இன்னைக்கு எழுதியிருக்கறது. முந்தாநாளும் நேத்தும் என்ன எழுதியிருந்தான் தெரியுமா? 'கொல்லைகாரர்கள்.'

— ரெண்டும் ஒண்ணுதானே?

— ஐயையோ, ஒண்ணா? பள்ளிக்கூடத்துக்கு வர்ற ள போட்டாத்தான் கொள்ளை, திருட்டு. கல்லுக்கு வர்ற ல போட்டா கொல்லை. வீட்டுக்குப் பின்னாடி துணி காயப்போடற இடம். 'வரிப்பணத்தில் போனஸ், கொல்லைகாரர்கள்'னா, பின்பக்கத்துல குடியிருக்கறவன் போனஸ் வாங்கிட்டான்னு அர்த்தம்.

— பின்பக்கத்துலயா? அண்ணே, பாங்க்குக்குப் பின்னாடி ரூம்ல குடியிருக்கறது நீங்கதானே!

— அதேதான். நேத்து இத மேனேஜர்கிட்ட சொல்லிச் சிரிச்சேன். 'சார், எழுதினவன் ஒரு எழுத்துல கோட்டை விட்டுட்டான், உங்களத் திட்டறேன்னு என்னைத் திட்டிட்டுப் போயிட்டான்'னேன். மனுஷனுக்குச் சிரிப்பே வரல. ஒரு முறை முறைச்சுட்டு உள்ள போயிட்டாரு.

— அக்காகிட்ட சொல்லியிருந்தா விழுந்து விழுந்து சிரிச்சிருப்பாங்க.

— அவகிட்ட மூச்சே விடல. போனஸ்ங்கற வார்த்தைய எங்க வீட்டுல எடுக்க முடியாதுப்பா. பேப்பர்ல சேதி வந்த அன்னைக்கே என் மச்சினன் போன் பண்ணிட்டான். 'மாமா, பாங்க் ஆளுங்களுக்கெல்லாம் அள்ளி அள்ளிக் குடுத்தாங்களாமே, எங்கள மறந்துடாதீங்க'ங்கறான். வாட்ச்மேனுக்குச் சம்பளமே ஏஜென்சிதான்டா, பாங்க் காசு என் நிழல்ல கூடப் படாதுடான்னா, 'வாங்கினவங்க எல்லாரும் அப்படித்தான் மாமா சொல்லுவாங்க'ங்கறான்.

— நேத்து வாசல்ல தக்காளி வந்து விழுந்துச்சாமே?

— வாசல்ல எங்க விழுந்துச்சு? இங்க, நெஞ்சு மேல. 'ஊர்க்காசத் தின்னு கொழுத்தவனே'ன்னு ஒரு அம்மா குறிபாத்து எறிஞ்சாங்க. கொழுத்தவனாம்! பெல்ட்டுல கடைசி ஓட்டையும் பத்தாம ஆணி வச்சு நானே ஒண்ணு குத்தியிருக்கேன்.

— அந்தம்மாவச் சொல்லிக் குத்தமில்லண்ணே. வயித்தெரிச்சல். எனக்கு மட்டும் இல்லையா? பெரிய ஆஸ்பத்திரியில பிரசவ வார்டு முழுக்கப் பெயிண்ட் அடிக்கற வேலை. காகிதம் போட்டு, கையெழுத்தும் ஆயிடுச்சு. திடீர்னு அரசாங்கத்துல பணமில்லன்னு நிறுத்திட்டாங்க. எங்கடா பணம்னு பாத்தா, மூழ்கிட்டிருந்த இந்த பாங்க்கத் தூக்கி நிறுத்தறதுக்குப் போயிருக்கு. சரி, நிறுத்தட்டும். நின்னவன் மொத வேலையா என்ன பண்ணான்? 'எவ்வளவு அழகா மூழ்கினீங்க, சபாஷ்'னு மேல்மாடிக்கு போனஸ் குடுத்தான்!

— போனஸ்னு சொல்லக் கூடாதாம். 'தக்கவைப்பு ஊக்கத்தொகை'யாம். அவ்வளவு பெரிய திறமைசாலிங்க வேற பாங்க்குக்கு ஓடிப் போயிடாம இருக்கறதுக்கு.

— ஓடட்டுமே! நானே பெட்டியத் தூக்கிட்டுப் போயி பஸ் ஏத்தி விட்டுட்டு வர்றேன். அது சரி, எங்கண்ணே கத்துக்கிட்டீங்க இந்த எழுத்து வித்தையெல்லாம்?

— பத்திரிகை ஆபீஸ்ல இருபத்திரண்டு வருஷம் பிழை திருத்தினவன்ப்பா நான். இந்த பாங்க் கவுந்த வாரம் கடைக்காரங்க எல்லாரும் விளம்பரத்த நிறுத்தினாங்க. விளம்பரம் நின்னுச்சு, பத்திரிகையும் நின்னுச்சு. என்னை வீட்டுக்கு அனுப்பின பாங்க்குக்கு இப்ப நானே காவல். எவ்வளவு பெருந்தன்மை பாரு எனக்கு... வர்றாரு, வர்றாரு. பிரஷ்ஷ கையில எடு.

— வாட்ச்மேன், என்ன பேச்சு இங்க?

— ஒண்ணுமில்ல சார். குட் மார்னிங் சார்.

— இதுவா குட் மார்னிங்? மூணாவது நாள்! பத்து மணிக்கு வாசல்ல ஊரே கூடப் போகுது. பேனர எடுங்க. பெயிண்டர், தள்ளுங்க, போட்டோவுல உங்க நிழல் விழுது.

— என் நிழல் தானே சார், இருந்துட்டுப் போகட்டும். போனஸ் வாங்காத நிழல்.

— ஜோக் அடிக்கற மூட்ல நான் இல்ல. உங்க மாதிரி ஆளுங்களுக்கு விஷயமே புரியல. அது ஏற்கெனவே போட்ட ஒப்பந்தம். ஒப்பந்தம்னா ஒப்பந்தம். சட்டப்படி குடுத்தே ஆகணும்.

— அடேங்கப்பா, கமா ஃபுல்ஸ்டாப்போட சொல்றீங்களே சார்.

— மேல இருந்து அனுப்பியிருக்காங்க, ஜனங்க கேட்டா சொல்லச் சொல்லி. மூணு பக்கம். ராத்திரியெல்லாம் உக்காந்து மனப்பாடம் பண்ணினேன்.

— ஆஸ்பத்திரியோட எனக்கும் ஒப்பந்தம் இருந்துச்சு சார். அது எந்தப் பக்கத்துல வருது?

— பெயிண்டர், உங்க வேலைய மட்டும் பாருங்க. வாட்ச்மேன், பாயிண்ட்டுக்கு வர்றேன். ராத்திரி எங்க இருந்தீங்க?

— வாசல்லதான் சார். ரெண்டு மணிக்கு மட்டும் பின்பக்கம் போயி, ரிஜிஸ்டர்ல கையெழுத்து போட்டுட்டு வந்தேன். போன வாரம் நீங்க போட்ட ரூல்தானே சார்.

— அந்தக் கால் மணி நேரத்துலதான் எழுதியிருக்கான்.

— ஆமா சார். சொல்லி வச்ச மாதிரி அந்த நேரம் பாத்துதான் வர்றான்.

— கேமரா எதுக்கு இருக்கு?

— சந்துக் கேமரா ஆறு மாசமா வேலை செய்யல சார். ரிப்பேருக்கு நீங்கதான் எழுதிப் போட்டீங்க. செலவைக் குறைங்கன்னு மேல இருந்து பதில் வந்துச்சு.

— செலவைக் குறைச்ச திறமைக்குத்தான் போனஸ் குடுத்திருப்பாங்கண்ணே.

— பெயிண்டர்! உங்கள யாரும் கேக்கல. வாட்ச்மேன், இந்தாங்க. இதுல ஒரு கையெழுத்து போடுங்க.

— என்ன சார் இது?

— ட்யூட்டியில தூங்கிட்டேன், அதனால இப்படி ஆயிடுச்சுன்னு நீங்க ஒத்துக்கற மாதிரி ஒரு லெட்டர். பத்து மணிக்குள்ள பொறுப்பாளி யாருன்னு ஒரு பேர் கேக்கறாங்க. அது ப்ராசஸ்.

— நான் தூங்கல சார்.

— யாரோ ஒருத்தர் தூங்கியிருக்கணும் இல்ல?

— சார், நான் குறுக்க பேசறேன்னு நினைக்காதீங்க. மொத்த பாங்க்கும் மூழ்கினப்ப மேல யார் தூங்கினான்னு இப்படி ஒரு பேர் கேட்டாங்களா?

— நீ சும்மா இரு பெயிண்டரே. சார், இதுல கையெழுத்து போட்டா எனக்கு என்ன ஆகும்?

— ஏஜென்சி வேற ஆள் அனுப்பும்.

— எங்க ரூம்?

— அது வர்ற ஆளுக்கு. நாளைக்குச் சாயந்திரத்துக்குள்ள காலி பண்ணிடுங்க.

— நாளைக்கா! சார், எனக்கு அம்பத்தெட்டு வயசு. ஒரு வேலை போயித்தான் இங்க வந்து நிக்கறேன். அந்த ரூமும் போச்சுன்னா அவளக் கூட்டிட்டு நான் எந்த வாசல்ல போயி நிப்பேன்? கையெடுத்துக் கும்பிடறேன் சார்.

— பர்சனலா எடுத்துக்காதீங்க. நான் பேர் குடுக்கலன்னா என் பேரை எழுதிடுவாங்க. எனக்கும் குடும்பம் இருக்கு.

— உங்களுக்கென்ன சார், வாங்கினவரு.

— யாருய்யா வாங்கினது? சொல்லு, யாரு வாங்கினது? மேல்மாடி வாங்கினான்! பத்தொம்பது வருஷமா இந்தக் கிளையில கிடக்கறேன். ஜனங்க காறித் துப்பறத முகத்துல வாங்கி நான் துடைச்சுக்கறேன். எனக்கு என்ன குடுத்தாங்க தெரியுமா? ஒரு பாராட்டுப் பத்திரம். கண்ணாடி போட்டு, ஃபிரேம் போட்டு. அதுலயாவது என் பேர் இருக்கா? எனக்கு முன்னாடி இருந்த மேனேஜர் பேரு! அவர் செத்து நாலு வருஷமாச்சு!

— ஐயோ பாவம். அவரத் தக்கவைக்க முடியலையே சார்.

— போதும். நான் என்னமோ... வாய் தவறிப் பேசிட்டேன். இது வெளிய போகக் கூடாது, புரிஞ்சுதா? வாட்ச்மேன், கையெழுத்து போடுங்க.

— படிச்சுட்டுப் போடறேன் சார். பழக்கம், விடமாட்டேங்குது. இத நீங்களே கையால எழுதினீங்களா?

— ஆமா. டைப் பண்ற பொண்ணு ஒன்பது மணிக்குத்தான் வரும். ஏன்?

— 'கவனக்குரைவு'ன்னு இருக்கு. பெரிய ற வரணும் சார். சின்ன ர போட்டா நாய் குரைக்கறது. நான் கவனமா குரைச்சேன்னு மேல நினைச்சுக்குவாங்க.

— குரைச்சிருந்தா வேலையாவது தங்கியிருக்கும்ணே.

— நான் படிச்சது வேற மீடியம். அர்த்தம் புரியுதுல்ல? போடுங்க.

— 'உரங்கிவிட்டேன்.' இதுலயும் அதே சின்ன ர. உரம்னா செடிக்குப் போடறது சார்.

— வாட்ச்மேன்! தமிழ் வகுப்பு நடத்தறீங்களா? ரூமே போகுதுங்கறேன், எழுத்து பாத்துட்டு நிக்கறீங்க!

— வேலை போகட்டும் சார், ரூம் போகட்டும். தப்பும் தவறுமா எழுதின ஒரு காகிதத்துக்குக் கீழ என் பேர் போகக் கூடாது. இருபத்திரண்டு வருஷம் போனதில்ல. அந்தப் பேனாவக் குடுங்க, ரெண்டையும் திருத்திடறேன்.

— அண்ணே, நிஜமாவே போடப் போறீங்களா? நீங்க இல்லாத வாசல்ல நான் யார்கிட்ட வாயாடறது? சார், நான் செவுத்த அடிக்க ஆரம்பிக்கட்டுமா? இதப் பாத்துட்டு நிக்க முடியல.

— அடிங்க, அடிங்க. சீக்கிரம் அழிங்க.

— இரு பெயிண்டரே. அடிச்சுடாத. சார், அந்தச் சுவத்துலயும் இன்னும் ஒரு பிழை இருக்கு.

— எங்க? இன்னைக்குச் சரியாத்தானே எழுதி... எழுதியிருக்கான்?

— கொள்ளைக்கும் காரர்களுக்கும் நடுவுல ஒரு 'க்' வரணும் சார்.

— அதனால என்ன இப்ப? எதுக்கு லெட்டர மடிச்சுப் பையில வைக்கறீங்க? குடுங்க இப்படி.

— நீங்க கையால எழுதினது சார், பத்திரமா என்கிட்டயே இருக்கட்டும். பெரிய ள போடணும்னு நேத்து நான் உங்க ஒருத்தர்கிட்டதான் சொன்னேன், அது சரியா வந்திருக்கு. ராத்திரி ரெண்டு மணிக்கு நான் வழக்கம் போல பின்பக்கம் போயிடுவேன், நிதானமா அந்த 'க்'கையும் சேத்து எழுதிட்டுப் போங்க.