கரிச்சானுக்குக் கறுப்புத் துணி

ஊசியில் நூல் நுழையாதபோது எல்லோரும் நூலின் முனையைத்தான் நாக்கில் வைத்து நனைக்கிறார்கள். நூலை விட்டுவிட்டு ஊசியின் காதை நனைத்துப் பாருங்கள் மேடம், நூல் தானாக உள்ளே போகும். என் வகுப்புக்கு வரும் பெண்களுக்கு முதலில் நான் சொல்வது இதைத்தான். சின்ன விஷயம். ஆனாலும் யாராவது சொல்லிக்கொடுத்தால்தானே தெரியும்.

நீங்கள் இந்த ஸ்டேஷனுக்குப் புதியவர் என்று கான்ஸ்டபிள் சொன்னார். அதனால் முதலிலிருந்தே சொல்கிறேன். என் பெயர் ஈஸ்வரி. கண்ணமங்கலத்தில் இருக்கிறேன். வீட்டுக்காரர் போன பிறகு தனியாகத்தான். வியாழக்கிழமை தோறும் போளூரில் பஸ் மாறி மலைக்கு வந்து, இங்கே சமுதாயக் கூடத்தில் துணிப்படம் தைக்கச் சொல்லிக்கொடுக்கிறேன். டவுனில் அதைக் குவில்ட் என்பார்கள். போர்த்திக்கொள்கிற அளவு பெரியது இல்லை. ஒரு தலையணை உறை அகலம்தான் இருக்கும். மேலே ஒரு துணி, கீழே ஒரு துணி, நடுவில் பஞ்சு. மூன்றையும் சேர்த்து ஓட்டுத் தையல் போட்டு, அதன்மேல் பழைய துணித் துண்டுகளால் மரம், மலை, வீடு என்று மனசில் இருப்பதை வைத்துத் தைக்க வேண்டும். விதை, பித்தான், கம்பி, காய்ந்த புளியங்கொட்டை எது வேண்டுமானாலும் சேர்த்துக்கொள்ளலாம்.

சாமை அறுக்கிற கைகளுக்கு ஊசி பிடிபட நாளாகும். வகுப்புக்கு வரும் மாதம்மாளுக்கும் பாஞ்சாலைக்கும் நான் தினமும் வீட்டில் உட்கார்ந்து மாதிரி தைத்துக் கொண்டுவருவேன். அவர்களைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. நான் சொல்ல வந்தது வெண்ணிலாவைப் பற்றி.

வெண்ணிலா முதலில் வந்தபோது யாரோடும் பேசமாட்டாள். அவளுடைய பெண் குழந்தை தேன்மொழி, மழையில் ரோடு அடைத்துக்கொண்ட சமயத்தில் காய்ச்சல் வந்து இறந்துபோயிருந்தது. பால்வாடிக்குப் போய்க்கொண்டிருந்த வயது. போனில் இருந்த படங்களும் போன் தண்ணீரில் விழுந்ததில் போய்விட்டன. மிச்சம் இருந்தவை அந்தக் குழந்தையின் துணிகள்தான். ஒரு மஞ்சள் கவுன், ஒரு பூப்போட்ட பாவாடை, இரண்டு சட்டைகள். அதை ஒரு பையில் போட்டு வகுப்புக்குக் கொண்டுவந்து மடியிலேயே வைத்திருப்பாள்.

அதை வெட்டிப் படமாகத் தைக்கலாம் என்று சொன்னது நான்தான்.

"வெட்டுனா போய்டும்க்கா" என்றாள்.

"பையில இருந்தா மட்டும் இருக்குமா? பூச்சி தின்னும். படமா தைச்சா தெனம் பாக்கலாம்" என்றேன்.

கத்தரிக்கோலைப் பிடித்தவள் வெட்டாமல் உட்கார்ந்திருந்தாள். நான் அவள் கைமேல் என் கையை வைத்து அழுத்தினேன். முதல் வெட்டு இரண்டு பேரும் சேர்ந்து போட்டதுதான். இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும் மேடம், ஏனென்றால் பின்னால் இதை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை.

அறுவடை முழுக்க உட்கார்ந்து தைத்தாள். அவள் கையில் தையல் முதலில் எப்போதும் வலப்பக்கம் சாய்ந்தே விழும். பிரித்துப் பிரித்துத் தைக்கவைத்து நான் நேராக்கினேன். பாவாடைப் பூவெல்லாம் சாமைக் கொல்லையானது. சட்டைகள் மலையாயின. மஞ்சள் கவுனை வெயிலாக்கி மலைக்குப் பின்னால் வைத்தாள். பார்த்தவர்கள் அந்த வெயிலைத் தொட்டுப் பார்த்தார்கள். வேலூரில் நடந்த ஒரு கண்காட்சிக்கு மற்றவர்களின் படங்களோடு அந்தப் படத்தையும் அனுப்பியது நான்தான். அவளைக் கூட்டிக்கொண்டு போனதும் நான்தான். அவள் அதற்கு முன் வேலூரைப் பார்த்ததில்லை.

அங்கே வந்திருந்த ஒரு அம்மா படத்தின் முன்னால் வெகு நேரம் நின்றார்கள். பிறகு வெண்ணிலாவின் தோளில் கைவைத்து, "இவ்ளோ அழகா யாரும்மா சொல்லிக் குடுத்தாங்க?" என்று கேட்டார்கள். நான் பக்கத்தில்தான் நின்றேன். அவளுடைய சாப்பாட்டுப் பையும் தண்ணீர் பாட்டிலும் என் கையில் இருந்தன.

"யாரும் சொல்லிக் குடுக்கலிங்க" என்றாள் வெண்ணிலா. "எம் பொண்ணு துணிதான் என்னை இங்க வை, அங்க வைன்னு சொல்லிச்சு."

அந்த அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. நான் பாட்டிலைத் திறந்து வெண்ணிலாவுக்குக் கொடுத்தேன். அவளும் வாங்கிக் குடித்தாள். திரும்பி வரும்போது பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து தூங்கினாள். தான் ஏதோ சொல்லிவிட்டோம் என்ற நினைப்பே அவளுக்கு இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. தெரிந்து செய்கிற துரோகத்தில் ஒரு மரியாதையாவது இருக்கிறது.

அடுத்த வியாழக்கிழமை வகுப்பில் பாதிப் பேர் இல்லை. விசாரித்தால், வெண்ணிலா வீட்டில் தினமும் உட்கார்ந்து தைக்கிறார்களாம். நான் போய்ப் பார்த்தேன்.

"நீ வாரத்துல ஒரு நாள்தானேக்கா வர்ற, அதான் மத்த நாளு நம்ம வூட்லயே குந்திக்கினு தைக்கலாம்னு சொன்னேன். இன்னா தப்பு?" என்றாள். சுற்றி உட்கார்ந்திருந்தவர்களுக்கு அவள் ஊசியின் காதை நனைக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

தப்பு ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன்.

கண்காட்சி முடிந்ததும் படங்களை வாங்கிவர நான் மட்டும் போனேன். மற்றவர்களின் படங்களைக் கொண்டுவந்து கொடுத்தேன். வெண்ணிலாவிடம் மட்டும், அவள் படம் இருந்த பையைப் பஸ்ஸில் விட்டுவிட்டேன் என்று சொன்னேன். அவள் கத்தவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு வந்தாள். பிறகு, "வாக்கா, போய்த் தேடலாம்" என்றாள்.

போனோம். போளூர் பஸ் ஸ்டாண்டில் ஒவ்வொரு கண்டக்டரிடமும் கேட்டாள். சந்தவாசலில் இறங்கி டீக்கடை, பழக்கடை எல்லாவற்றிலும் கேட்டாள். குப்பைத் தொட்டிகளில்கூடக் கைவிட்டுப் பார்த்தாள். நானும் கூடவே நின்று கேட்டேன். வெயில் அதிகம். என் கண்ணில் தூசி விழுந்து தண்ணீர் வந்தது. அதைப் பார்த்துவிட்டு, "நீ அழாதக்கா. உம்மேல தப்பில்ல. வேணும்னே யாராச்சும் தொலைப்பாங்களா?" என்று தன் முந்தானையால் என் முகத்தைத் துடைத்தாள். நான் அழவில்லை என்று சொல்ல நினைத்தேன். அந்த நேரத்தில் அதெல்லாம் எதற்கு என்று விட்டுவிட்டேன்.

படம் அப்போது என் வீட்டில் இருந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அதைப் பிரித்தேன். கிழிக்கவில்லை மேடம், கிழித்தேன் என்று சின்னராசு புகாரில் சொல்லியிருப்பது சரியில்லை. வெண்ணிலாவின் புருஷன் என்பதால் கோபத்தில் சொல்கிறார். ஒவ்வொரு தையலாகப் பிரித்தேன். நல்ல தையல். நான் நேராக்கியதால் பிரிப்பதும் சுலபமாக இருந்தது.

துண்டுகளைக் கடுக்காய்த் தூள் ஊறிய தண்ணீரில் முக்கி எடுத்தேன். பிறகு துருப்பிடித்த ஆணிகளும் வெல்லமும் போட்டு ஊறவைத்த தண்ணீரில் முக்கினேன். பருத்தித் துணி அதில் நன்றாகக் கறுத்துவிடும். பூவும் தெரியாது, மஞ்சளும் தெரியாது. கொடியில் காயவைத்தபோது பக்கத்து வீட்டு ரேணுகாதேவி, "இன்னா ஈஸ்வரி, ஒரே கறுப்பா கீது?" என்றாள். கோடை விழாவில் விற்கக் கரிச்சான் குருவி பொம்மை செய்யப்போகிறோம் என்றேன். அதுவரை அப்படி ஒரு எண்ணம் இல்லை. சொன்னதும் நன்றாக இருக்கும் என்று தோன்றியது.

வெண்ணிலாவுக்குத் தன் வீட்டில் வகுப்பு நடத்த மனமில்லாமல் போய்விட்டது. எல்லோரும் திரும்பி என்னிடமே வந்தார்கள். அவளும் வந்தாள். பழையபடி என் பக்கத்தில் பாயில் உட்கார்ந்தாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை.

கறுப்புத் துணியைப் பங்கிட்டுக் கொடுத்தேன். உள்ளங்கை அளவு குருவி, பிளந்த வால், கம்பிக் கால். வெண்ணிலா வெட்டியதில்தான் வால் சரியாக வந்தது. மற்றவர்களுக்கும் அவளே வெட்டிக் கொடுத்தாள். அவள் கத்தரிக்கோல் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தத் தடவை நான் கைவைத்து அழுத்த வேண்டியிருக்கவில்லை. பல நாளைக்குப் பிறகு அவள் சிரித்ததும் அப்போதுதான். மாதம்மாள் செய்த குருவி கோழி மாதிரி இருந்ததென்று சிரித்தாள். துக்கத்தை மடியில் கட்டிக்கொண்டு திரிந்தவள், அது என்னவென்று தெரியாமலே இறக்கிவைத்துக்கொண்டிருந்தாள். நான் செய்ததில் அவளுக்கும் ஒரு நல்லது இருந்தது என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும்.

கோடை விழாவில் குருவிகளெல்லாம் விற்றுப் போய்விட்டன. சென்னைக்காரர்கள், பெங்களூர்க்காரர்கள், யார் யாரோ வாங்கிக் காரில் தொங்கவிட்டுக்கொண்டு மலை இறங்கினார்கள். வெண்ணிலாதான் கடையில் நின்று எடுத்து எடுத்துக் கொடுத்தாள்.

மிச்சத் துணியில் இன்னும் கொஞ்சம் செய்யலாம் என்று போன வியாழக்கிழமை உட்கார்ந்தோம். ஒரு துண்டில் ஓரம் மடிந்திருந்தது. நான் பார்க்காமல் விட்டது. வெண்ணிலா அதைப் பிரித்தாள். உள்ளே மஞ்சள் நூலில் ஒரு ஒட்டுத் தையல். கடுக்காய்ச் சாயம் பருத்தியில்தான் பிடிக்கும், பாலியெஸ்டர் நூலில் பிடிக்காது. எனக்கே தெரிந்த விஷயம், எப்படியோ விட்டுப்போனது. குழந்தை முள்ளில் மாட்டிக் கவுனைக் கிழித்துக்கொண்டு வந்தபோது அவள் போட்ட தையல். எல்லாம் வலப்பக்கம் சாய்ந்திருந்தன. அந்தக் கவுனில் யாரும் சொல்லிக்கொடுக்காமல் அவளாகப் போட்ட தையல் அது ஒன்றுதான்.

அதை மூக்கருகே கொண்டுபோனாள். கடுக்காய் வாசனைதான் வந்திருக்கும்.

"டீச்சர், இந்தத் துணி எங்க வாங்குனீங்க?" என்றாள். எப்போதும் அக்கா என்றும் நீ என்றும் பேசுகிறவள்.

எனக்குப் பொய் சொல்ல வராது. "உன்னுதுதான் வெண்ணிலா" என்றேன்.

வெண்ணிலா கத்தரிக்கோலைப் பாயில் வைத்தாள். அவள் கீழே கிடந்த கறுப்புத் துணுக்குகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். அரிசி அளவு துணுக்கைக்கூட விடவில்லை. பாஞ்சாலையும் மண்டிபோட்டுப் பொறுக்கினாள். பிறகு வெண்ணிலா, "நானே வெட்டுனேனே" என்று மட்டும் சொன்னாள். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. முந்தானையில் முடிந்துகொண்டு வெளியே போனாள். ஒவ்வொருத்தியாக எல்லோரும் அவள் பின்னால் போனார்கள். பாயைச் சுருட்டி வைக்கக்கூட யாரும் நிற்கவில்லை.

துணியை வெட்டியதற்கு என்ன கேஸ் போடுவது என்று நீங்கள் கான்ஸ்டபிளிடம் கேட்டது என் காதில் விழுந்தது. என்ன வேண்டுமானாலும் போடுங்கள். எடுத்தேன், பொய் சொன்னேன், பிரித்தேன், சாயம் போட்டேன், அவள் கையாலேயே வெட்டவைத்தேன், அவளையே விற்கவைத்தேன். தெரிந்துதான் செய்தேன். எல்லாவற்றிலும் கையெழுத்துப் போடுகிறேன்.

அந்தக் குழந்தையின் துணியில் ஏதாவது மிச்சம் இருக்கிறதா, இருந்தால் கொடுத்துவிடு என்று கேட்டீர்கள். கவுனின் கழுத்துப் பட்டி இருக்கிறது. நைலான் லேஸ் என்பதால் சாயம் ஏறவில்லை. உள்பக்கம் குழந்தையின் கழுத்து அழுக்கு லேசாக இன்னும் தெரிகிறது. பத்திரமாகத்தான் வைத்திருக்கிறேன். எங்கே என்று உங்களிடம் சொல்லமாட்டேன் மேடம். சின்னராசுவை அனுப்பினாலும் கொடுக்கமாட்டேன். கொடுத்துவிட்டால் அதை வாங்கிக்கொண்டு அவள் போய்விடுவாள். அவளுக்கு வேண்டுமென்றால் அவளே கண்ணமங்கலத்துக்கு வரட்டும். பஸ் அவளுக்குத் தெரியும். வந்து ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, கொஞ்ச நேரம் என்னோடு உட்கார்ந்திருக்கட்டும்.