தண்ணின்னு எழுதின சுவிட்சு

அத அமுக்காதீங்க தம்பி. எலக்ட்ரீஷியன்னா பாத்ததும் கை வச்சிடணுமா? லைட்டுன்னுதான் எழுதியிருக்கு, எனக்கும் படிக்கத் தெரியும். அத அமுக்கினா தண்ணி மோட்டார் ஓடும். ம், ஓடிடுச்சா? சொன்னேன்ல. தொடைக்கற துணி அந்தக் கொக்கியில தொங்குது. லைட்டு வேணும்னா பக்கத்துல தண்ணின்னு எழுதினத அமுக்கணும். ஃபேனா? அது தன்னால வராது, முதல்ல ஃபிரிட்ஜப் போடணும். ஏன்னு என்னக் கேட்டா? செஞ்ச புண்ணியவானத்தான் கேக்கணும்.

எங்க வீட்டுக்காரர்தான், வேற யாரு. முப்பது வருஷம் தபால் ஆபீஸ்ல சீல் குத்தினவரு. ரிட்டையர் ஆன கையோட இந்த வேன வாங்கினாரு, அப்பவே இதுக்குப் பதினெட்டு வயசு. கட்டில், அடுப்பு, தண்ணித் தொட்டி எல்லாம் உள்ளயே இருக்கு, ஊர் ஊராப் போலாம், ரூம் தேட வேணாம்னாரு. போனோம். எங்க போனாலும் ஏதாவது ஒன்னு புட்டுக்கும். ஒரு மெக்கானிக்கக் கூப்பிடலாங்கன்னு சொன்னாப் போதும், மூஞ்சி சுண்டிடும். நாலு ஒயருதானே, இதுக்கு எதுக்கு ஒருத்தன்பாரு. அந்த நாலு ஒயர நாப்பதாக்கி வச்சிருக்காரு.

அந்தப் பலகையக் கழட்டிப் பாருங்க. வெள்ளையா சுத்தியிருக்கே, என்னன்னு தெரியுதா? காயத்துக்கு ஒட்டற பிளாஸ்டர். ஒயருக்குன்னு கறுப்பு டேப்பு கடைல கிடைக்குதுங்கன்னேன். இதுதான் நல்லாப் பிடிக்கும்னாரு. உள்ள பூரா கை கால் ஒடஞ்சவங்க படுத்திருக்கற வார்டு மாதிரி இருக்கு. அதுக்கு மேல பாருங்க, ஒவ்வொரு ஜாயின்டுக்கும் நூலால மூணு முடிச்சு. பார்சல் கட்டற முடிச்சு. எந்த ஊருக்கு அனுப்பப் போறாரோ.

பேட்டரி கூத்தக் கேளுங்க. வண்டி கிளம்பறதுக்கு ஒன்னு, உள்ள இருக்கற லைட்டு ஃபேனுக்கு ஒன்னுன்னு தனித்தனியா இருந்துச்சு. ரெண்டும் சேந்திருந்தா பலம்னு கட்டிவிட்டுட்டாரு. ஒரு மத்தியானம் ஆத்தோரமா நிறுத்திட்டு ஃபேனப் போட்டுப் படுத்தோம். எழுந்து பாத்தா வண்டி கிளம்பல. நான் பின்னால நின்னு தள்றேன், இவரு முன்னால உக்காந்துக்கிட்டு இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சங்கறாரு. ஓட்டக் கத்துக்கிட்டா தள்ற வேலையாவது மிச்சம்னு அன்னிக்குத் தோணுச்சு. ஆமா, இப்ப நான்தான் ஓட்டறேன். அதுல என்ன அதிசயம்?

போன வாரம் நடந்ததத்தான் தாங்க முடியல. ஃபிரிட்ஜுக்குப் பின்னாலருந்து புகை. ஜன்னல் ஸ்கிரீன் ஓரம் கருகியிருக்கு பாருங்க, ஈரத் துணியால அடிச்சு அணைச்சேன். ஃப்யூஸ் இருக்க வேண்டிய எடத்துல சாக்லேட் சுத்தற வெள்ளிக் காயிதத்த மடிச்சுச் சொருகியிருக்காரு மனுஷன். கட்டில்ல உக்காந்தபடியே என்ன வாடைன்னு கேட்டாரு. பால் தீஞ்சிடுச்சுன்னு சொல்லிட்டேன்.

சிரிக்காதீங்க. சிரிக்கணும்னா நான் சிரிச்சுக்கறேன், முப்பத்தாறு வருஷம் கூடக் குப்பை கொட்டியிருக்கேன். நீங்க வந்து முழுசாப் பத்து நிமிஷம் ஆகல.

எல்லாத்தையும் பிடுங்கிட்டுப் புது போர்டா? தொட்டா நீலமா எரியுமா? உங்களுக்கும் அவருக்கும் பெருசா வித்தியாசம் இல்ல போலிருக்கு, சொல்றது காதுல ஏறாது. ஃபோன்லயே சொன்னேன், மறுபடி கேட்டுக்கோங்க. உள்ள ஓடற ஒயர் பூரா புதுசாகணும். ஃப்யூஸ் ஃப்யூஸா இருக்கணும். பேட்டரி ரெண்டையும் பிரிச்சுடுங்க. இனிமே எதுவும் பத்திக்கக் கூடாது. ஆனா தண்ணின்னு எழுதினத அமுக்கினா லைட்டுதான் எரியணும், லைட்டுன்னு எழுதினதுல தண்ணிதான் வரணும், ஃபிரிட்ஜப் போடாம ஃபேன் வரக் கூடாது. அதே போர்டு, அதே சுவிட்சு. அந்த மூணாவது சுவிட்சு ஆடுதுல்ல, ஆடட்டும். வேலை முடிஞ்சதும் ஜாயின்டு மேல பிளாஸ்டர் சுத்திடுங்க, இந்தாங்க, வாங்கி வச்சிருக்கேன். நூல் இது. மூணு முடிச்சு. ரெண்டு போட்டீங்கன்னா கண்டுபிடிச்சிடுவாரு.

எப்படியா? தடவித்தான். வலது கண்ணு போய் ரெண்டு வருஷம் ஆச்சு, இடது கண்ணு போன மழையோட போச்சு. இப்பவும் கண் ஆஸ்பத்திரிலதான் இருக்காரு, என் தங்கச்சி கூட்டிட்டுப் போயிருக்கா, நாலு மணிக்கு வந்துடுவாங்க. வந்ததும் பலகையத் தொறந்து முடிச்ச எண்ணுவாரு. தினம் எண்றாரு, அதுல அப்படி ஒரு பெருமை. ரேடியோல ஆறு மணிச் செய்தி ஆரம்பிச்சா எழுந்து போயி தண்ணின்னு எழுதினத அமுக்குவாரு. அவருக்கு எதுக்கு லைட்டு? எனக்காகத்தான். எரியுதான்னு கேப்பாரு. எரியுதும்பேன். எரியாத அன்னிக்கும் எரியுதுன்னுதான் சொன்னேன், சொல்லிட்டு இருட்டுல உக்காந்திருந்தேன். வண்டி ஓட்டறதப் பிடுங்கிக்கிட்டாச்சு, பேப்பர் படிக்கறது போச்சு. இதையும் பிடுங்க எனக்கு மனசு வரல.

அப்பறம் ஒன்னு. அவரு வர்றதுக்குள்ள முடியலன்னா நீங்க வேன் கழுவ வந்தவரு, தெரியுதா? பையக் கட்டிலுக்கு அடில தள்ளிடுங்க. புதுக் குரல் கேட்டா விடமாட்டாரு, கையப் பிடிச்சு இழுத்துட்டு வந்து இதெல்லாம் காட்டுவாரு. பூரா என் கை வேலை, எந்த மெக்கானிக்குக்கும் இப்படிப் போட வராதும்பாரு. ஆமா சார்னு சொல்லணும். மூஞ்ச எப்படி வேணா வச்சுக்கோங்க, குரல் மட்டும் சரியா இருக்கணும். நான் முப்பத்தாறு வருஷமா சொல்லிட்டிருக்கேன். உங்களால ஒரு தடவ முடியாதா?