காற்றை இறக்கச் சொன்னவர்

அடையாறில் ஒரு பெட்ரோல் பங்க். காற்று பிடிக்க ஸ்கூட்டரோடு வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் ஒரு குட்டியானை வண்டி. காற்று பிடிப்பவர் குழாயோடு குனிந்ததும் வண்டிக்காரர், அந்த வரிசையில் யாரும் கேட்காத ஒன்றைக் கேட்டார்.

“பின்னாடி ரெண்டுலயும் காத்த எறக்கு நைனா.”

“எறக்கவா? தண்ணி கேன் ஏத்துற வண்டி. டயர் பூடும்.”

“இன்னிக்கு கேன் இல்ல. வூட்டுக்காரி படுத்துகினு கீறா. முதுகுல ஆபரேசன், ஆட்டோல குந்த முடியாது. பெருங்குடி வரைக்கும் போவணும். காலி வண்டில லோடு காத்து இருந்தா தூக்கித் தூக்கிப் போடுது.”

காற்று பிடிப்பவர் பின்னால் எட்டிப் பார்த்தார். இரண்டு மெத்தைகளின் மேல் ஓர் அம்மாள் மல்லாந்து படுத்திருந்தார்.

“இப்ப அறுவது கீது. நாப்பது வெக்கிறேன்.”

“முப்பது வெச்சா இன்னும் மெத்துனு போவாதா?”

“போவாது. வண்டி அலையும். வளைவுல அவங்களுக்குத்தான் வலிக்கும்.”

காற்று சீறி இறங்கியது. அதிசயமாக, வரிசையில் யாரும் ஹாரன் அடிக்கவில்லை.

பங்க் வாசலில் இருந்த வேகத்தடையை வண்டி மெல்ல ஏறி இறங்கி நின்றது.

“எப்டி கீது?” என்று வண்டிக்காரர் பின்பக்கம் திரும்பிக் கேட்டார்.

“தூக்கிப் போடல,” என்றார் அந்த அம்மாள். “இத்தினி வருசமா காலி கேனோட திரும்பறப்பல்லாம் பின்னாடி குந்திகினு நான்தான வந்தேன். அப்பவே எறக்கியிருக்கலாமில்ல.”