ஒட்டுக்குச்சி வாங்கியவர்களுக்கு

— அதுக்கு மேல ஒரு வரி விடு, பாப்பா. "கூடியிருந்தவர்கள்"னு போடு. குடும்பத் தலைவர், சாப்பாட்டு மேஜையில் சுவர்ப் பக்கம். அவர் மனைவி, ஃப்ரிட்ஜை ஒட்டி, முக்காலியில். மகள், எதிரில், எழுதும் இடத்தில்.

— அப்பா, நாம எங்கே உக்காந்திருந்தோம்னு மாடிவீட்டுத் தையல்காரருக்கு எதுக்கு?

— மூணு பேரும் சேர்ந்து எடுத்த முடிவுன்னு தெரியணும். ஒருத்தன் கோபத்துல எழுதினான்னு யாரும் நினைக்கக் கூடாது.

— நான் ஒரு முடிவும் எடுக்கலை. என் பேரை எடுத்துடு, பாப்பா.

— உன் பேரை எங்கேம்மா போட்டோம்? "அவர் மனைவி"ன்னுதான் இருக்கு.

— அந்த மனைவியையும் எடுத்துடு.

— இந்தா, மூஞ்சியைத் தூக்கி வச்சுக்காதே. தோட்டக்கலை ஆபீஸ்ல அந்த அம்மா சொன்னது உன் காதுலயும்தானே விழுந்துச்சு. சோதனையில நோய் உறுதி. மருந்து கிடையாது. நம்ம சாத்துக்குடியில வெட்டின குச்சியை எங்கெங்கே ஒட்டுக் கட்டியிருக்காங்களோ, அங்கெல்லாம் நோயும் கூடவே போயிருக்கு.

— மரம் நல்லாத்தானே நிக்குது.

— இலையைப் பாத்தியா? நடுநரம்புக்கு இந்தப் பக்கம் பச்சை, அந்தப் பக்கம் மஞ்சள் திட்டு. போன தடவை காயை அறுத்தோமே, ஒரு பக்கம் சூம்பி, வாயில வைக்க முடியாத கசப்பு. நான்தான் தண்ணி பத்தலைன்னு குடம் குடமா ஊத்திக்கிட்டிருந்தேன்.

— சரிப்பா, யார் யாருக்கு எழுதணும்? சொல்லுங்க.

— தையல்காரர். பல் டாக்டர் வீடு. கண்ணாடிக்கடைக்காரர், அவர் ரெண்டு கன்னுல கட்டினார். உன் அத்தை. அப்புறம் பள்ளிக்கூட வாட்ச்மேன்.

— வாட்ச்மேன் கட்டினது அப்பவே காஞ்சு போச்சுப்பா. குச்சியைத் தலைகீழா சொருகிட்டார்.

— அப்போ அவர் ஒருத்தர்தான் தப்பிச்சார். அடிச்சுடு.

— எல்லாரும் உள்ளூர்தானே, போன்ல சொன்னா ஆகாதா?

— போன்ல சொன்னா "அப்படியா சார்"னுட்டு அந்த மரத்துக்கே தண்ணி ஊத்தப் போவாங்க. காகிதத்துல பாத்தாத்தான் கை கோடாலியைத் தேடும். எழுது. "எங்கள் வீட்டுச் சாத்துக்குடியிலிருந்து தங்களுக்கு அன்புடன் கொடுத்த ஒட்டுக்குச்சிகள் நோயுற்றவை என இப்போது தெரியவந்துள்ளது. அவற்றை ஒட்டிய மரத்தை வேரோடு எடுத்து எரித்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். தவறினால் பூச்சி வழியாகப் பக்கத்து மரங்களுக்கும் பரவும்."

— "அன்புடன்" வேணுமாப்பா?

— இருக்கட்டும். அன்போடதான் குடுத்தேன்.

— சரி, எழுதியாச்சு.

— இந்தா, ஃப்ரிட்ஜ்ல காய்கறிக்கு அடியில இந்த வருஷக் குச்சிக் கட்டு இருக்கும் பாரு. ஈரப் பேப்பர்ல சுத்தி, வெட்டின நுனியை மெழுகுல முக்கி வச்சது. அதையும் எடுத்து வெளியில வை. எரிக்கணும்.

— இன்னும் பச்சையாத்தான் இருக்கு. நகத்தால கீறிப் பாத்தேன்.

— பச்சையா இருக்கிறதுதான் வம்பே. காஞ்சிருந்தா யாருக்கும் கெடுதல் இல்லை. ஆக, நாலு வீடு. நாலு கடிதம். வேற யாருக்கும் குடுக்கலை.

— இன்னொருத்தர் இருக்கார்.

— யாரு?

— மூணு வருஷத்துக்கு முன்னாடி ஒரு குச்சிக் கட்டைக் காணோம்னு வீட்டையே புரட்டிப் போட்டீங்களே.

— கீரைத்தண்டுன்னு நினைச்சுக் குப்பையில போட்டேன்னு நீதானே சொன்னே?

— குப்பையில போடலை. பெரியவனுக்கு அனுப்பினேன்.

— அண்ணாவுக்கா? என்கிட்ட கூடச் சொல்லலையேம்மா. எங்கே இருக்கான்னே தெரியாதுன்னுதானே சொல்லிக்கிட்டிருந்தே?

— உன்கிட்ட சொன்னா உன் மூஞ்சி ஊருக்கே சொல்லிடும்.

— அப்பா, பேனாவை மூடுங்க. மை சட்டையில இறங்குது.

— கட்டினானா?

— கட்டினான்.

— யார் கட்டிக் குடுத்தது?

— அவனே. குச்சியை ரெண்டு பக்கமும் சீவி, அடிக்கன்னைப் பிளந்து சொருகி, பட்டையோட பட்டை சேர்ற மாதிரி...

— ஓரமா வச்சானா? நடுவுல வைக்கலையே?

— ஓரமாத்தான் வச்சான். சின்ன வயசுல உங்களுக்கு நூல் பிடிச்சுக் குடுத்தவன்தானே.

— ம்.

— இந்த வருஷம்தான் பூத்திருக்கு. போட்டோ அனுப்பினான். அவனுக்கு மட்டும் எழுத வேண்டாங்க. ஒரே ஒரு தடவை காய்ச்சுட்டுப் போகட்டும்.

— காய் கசக்கும்.

— கசக்கட்டும். இந்த வீட்டுலேர்ந்து அவன்கிட்ட இருக்கிறது அது ஒண்ணுதான்.

— பக்கத்து வீட்டுக்காரன் மரம் என்ன பாவம் பண்ணுச்சு? தெரிஞ்சும் சும்மா இருக்கச் சொல்றியா?

— நல்லா இருக்குங்க. உங்க ஆபீஸ் விசாரணையில தெரிஞ்சதைச் சொன்னான்னுதானே அவனை வீட்டை விட்டு அனுப்பினீங்க?

— எனக்கு எதிரா சொன்னான்.

— அவன் சொன்னது உண்மையா, பொய்யா?

— உண்மைதான். பொய்யா இருந்திருந்தா எப்பவோ மன்னிச்சிருப்பேன்.

— அன்னிக்கு அவன் உண்மை சொன்னது குத்தம். இன்னிக்கு உண்மையைச் சொல்லியே ஆகணும்னு நீங்க ஒத்தைக் கால்ல நிக்கிறீங்க. அவன் என்ன நினைப்பான்? இத்தனை வருஷம் கழிச்சு அப்பன் எழுதற முதல் கடிதம், மரத்தைப் பிடுங்கி எரின்னு. ஆத்திரம் இன்னும் தீரலைன்னுதான் நினைப்பான்.

— நினைக்கட்டும்.

— அப்பா, அண்ணாவுக்கு மட்டும் அம்மா எழுதட்டுமே.

— உங்க அம்மா எழுதினா, பூ உதிர்ற வரைக்கும் பொறு, பிஞ்சு முத்தற வரைக்கும் பொறுன்னு எழுதுவா. அந்தத் தாளை இப்படித் தள்ளு. இதை நானே எழுதறேன்.

— எழுதினதைப் படிங்க. என்ன எழுதினீங்கன்னு எனக்குத் தெரியணும்.

— "சாத்துக்குடி நோயுற்றது. வேரோடு எடுத்து எரிக்கவும். அதே குழியில் திரும்பவும் சாத்துக்குடி வைக்க வேண்டாம்."

— அவ்வளவுதானா?

— அவ்வளவுதான்.

— எப்படி இருக்கேன்னு ஒரு வரி போட்டா கை தேஞ்சா போயிடும்?

— அந்த வரியைப் போட்டா கடிதத்தையும் வச்சுக்குவான், மரத்தையும் வச்சுக்குவான். உன் பிள்ளையை எனக்குத் தெரியாதா.

— அப்பா, மத்த கடிதத்துல எல்லாம் யார் யார் எங்கே உக்காந்திருந்தோம்னு போட்டோம். இதுல போடலையே.

— அவனுக்கு இந்த மேஜை தெரியும். கவரைக் குடு, பசையைக் குடு. நீங்க ரெண்டு பேரும் போய்ச் செருப்பைப் போடுங்க, தபால் பெட்டியைத் திறந்து எடுக்கிற நேரம் ஆச்சு. ரம்பத்தை எங்கே வச்சே?

— இன்னிக்கேவா? நாளைக்கு ஆள் வச்சு வெட்டிக்கலாமே.

— ஊருக்கெல்லாம் எழுதிட்டு என் மரத்தை நிறுத்தி வச்சுக்கிட்டு இருக்கச் சொல்றியா? இந்தா, ஒட்டியாச்சு. அஞ்சையும் பாப்பாகிட்ட குடு.

— திரும்பித் திரும்பி வீட்டைப் பாக்காதேம்மா. ரோட்டுல வண்டி வருது.

— ரம்பச் சத்தம் தபால் பெட்டி வரைக்கும் கேக்குது பாரு. அடியிலேர்ந்து ஆரம்பிச்சுட்டார். கிளையைக் கழிக்காம அடியை அறுத்தா சுவர் மேல விழும்னு அவருக்கே தெரியும்.

— அத்தைக்குப் போட்டாச்சு. பல் டாக்டர், கண்ணாடிக்கடை, தையல்காரர். அண்ணாவோடது ஒண்ணுதான் கையில இருக்கு.

— கொஞ்சம் இரு. நாளைக்குப் போட்டா என்ன?

— நாளைக்கும் இதைத்தானேம்மா சொல்லுவே.

— சரி. அட்ரஸ் எழுதணுமே, பேனா கொண்டு வந்தியா?

— எழுதித்தானே இருக்கு. அப்பா கையெழுத்து. நீ சொல்லியிருப்பேன்னு நினைச்சேன்.

— நான் எங்கே சொன்னேன்? என்கிட்ட கேக்கவே இல்லையே. படி, பாப்போம்.

— "கதவு எண் பதினொன்று, பின்கட்டு. சலவைக்கடைச் சந்து. தண்ணீர்த் தொட்டிக்கு எதிரில்." அம்மா? சரியா இருக்கா?

— கதவு எண்கூடச் சரியா இருக்கு. போடு.