கார்பரேட்டர் காயும் வரை

ஐப்பசி பிறந்துவிட்டால் ஆரம்பாக்கத்தில் எங்கள் தெருக்காரர்கள் யாரும் வண்டியை வெளியே விட்டுவைக்க மாட்டார்கள். முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நிற்கும். பொங்கல் வரைக்கும் கம்பெனி பஸ்தான், வண்டி வீட்டுக்குள் ஏறிவிடும். உங்கள் ஊரில் எப்படியோ தெரியாது சார், இங்கே மழைக்காலத்தில் மனுஷனும் வண்டியும் ஒரே அறையில்தான் இருப்பார்கள்.

எங்கள் வீட்டில் இருப்பது ஸ்டீவன் அண்ணனின் வண்டி. பழைய டூ ஸ்ட்ரோக், அவன் முதல் போனஸில் வாங்கியது. நான்கு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஷெட்டின் கூரையிலிருந்து விழுந்து அவனுக்கு முதுகெலும்பு போய்விட்டது. இடுப்புக்குக் கீழே எதுவும் அசையாது. கல்யாணம் ஆகாதவன், என்னோடுதான் இருந்தான். வண்டியை ஓட்டுவது நான், ஆனால் அதிகாரம் பண்ணுவது அவன். தரை உயரமாக இருப்பது அவன் படுத்திருந்த முன்னறையில் மட்டும்தான் என்பதால் மழைக்கு வண்டியும் அங்கேதான் நிற்கும்.

நான் சுத்தம் பார்ப்பவன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. படுக்கைப் புண்ணில் வடிகிற சீழ், மூத்திரப் பை, டெட்டால், அதற்கு மேல் என் மனைவி பிரின்சி கொளுத்தி வைக்கும் ஊதுவத்தி. எல்லாம் சேர்ந்து ஒரே வாடை. அந்த வாடை என் சட்டையில் வரும், சாம்பாரில் வரும். பிரின்சி புண்ணுக்குள் துணியை விட்டுத் துடைப்பாள், கையைக் கழுவிவிட்டு வந்து எனக்குச் சோறு போடுவாள். தட்டைப் பார்க்காமல் சாப்பிடுவேன். அவள் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. அதுதான் எனக்கு இன்னும் அருவருப்பாக இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில், "ஸ்டீவன் மாமாவுக்குக் கஞ்சி குடுத்துடுங்க, நான் கோயிலுக்குப் போய்ட்டு வந்துடறேன்" என்று பிரின்சி கிளம்பினாள். அவள் தெருமுனைகூடத் திரும்பியிருக்க மாட்டாள், உள்ளேயிருந்து அண்ணன் ஆரம்பித்துவிட்டான்.

"இன்னாடா, வானம் இருட்டிக்கினு வருது, இன்னும் வண்டிய ரெடி பண்ணாம கீற?"

எல்லாவற்றையும் அவன் சொன்னபடியே செய்தேன். துருப் பிடிக்காமலிருக்க டேங்க்கை முழுதாக நிரப்பிக்கொண்டு வந்தேன். கழுவித் துடைத்தேன், செயினுக்கு எண்ணெய் விட்டேன். "நல்லா சுத்தி உடுடா, ஒரு பக்கமா உடாத" என்று கட்டிலிலிருந்தே எட்டிப் பார்த்தான். அவன் பேசப் பேச, கட்டிலுக்குக் கீழே பை நிரம்பிக்கொண்டிருந்தது. அது அவனுக்குத் தெரியவே இல்லை.

கடைசி வேலை கார்பரேட்டர். மாசக்கணக்கில் நிறுத்துகிற வண்டியில் பெட்ரோல் தங்கினால் பிசினாகிவிடும். அதனால் பெட்ரோல் டேப்பை மூடிவிட்டு எஞ்சினை ஓடவிடுவோம். மிச்சத்தைக் குடித்துவிட்டுத் தானாக அடங்கும். மூன்று நிமிஷம், மிஞ்சினால் நாலு. வருஷா வருஷம் இதைத் தெருவில் வைத்து முடித்துவிட்டுத்தான் உள்ளே தள்ளுவேன். இந்த முறை மழை வந்துவிட்டதால் உள்ளே வைத்துச் செய்தேன் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். மழை பதினோரு மணிக்குத்தான் வந்தது சார். நான் ஒன்பதரைக்கே வண்டியை ஏற்றிவிட்டேன்.

புகையைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று எழுதிக் கொடுத்ததும் பொய். கும்மிடிப்பூண்டியில் நான் ஃபர்னஸ் பக்கம் வேலை செய்கிறவன். கேஸ் கசிந்தால் கத்துகிற மீட்டர் சட்டையில் இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். மூன்று மாசத்துக்கு ஒருமுறை உட்காரவைத்துப் பாடம் எடுப்பார்கள். புகையில் வருகிற, ஆளைக் கொல்கிற கேஸுக்கு நிறம் கிடையாது, வாடை கிடையாது, தலைவலியில் தொடங்கும் என்பார்கள். வாடை கிடையாது என்பது எனக்குப் பிடித்திருந்தது.

ஜன்னலைச் சாத்தினேன். வண்டியை உதைத்தேன். டேப்பை மூடவில்லை. எஞ்சின் சத்தம் கேட்டு அண்ணன் முகம் மலர்ந்துவிட்டது. "இன்னா பீட்டு பாத்தியாடா. கொஞ்ச நேரம் ஓடட்டும்" என்றான். அவனாகத்தான் கேட்டான், அதை மறந்துவிடாதீர்கள். டூ ஸ்ட்ரோக் புகை அறை முழுக்கப் பரவியது. நான்கு வருஷத்தில் அந்த அறையில் வந்த ஒரே நல்ல வாசனை அதுதான். நான் வெளியே வந்து கதவைச் சாத்தி, இடுக்கில் சாக்கைத் திணித்துவிட்டுப் படியில் உட்கார்ந்தேன்.

"இம்மானு, போதும்டா. ஆஃப் பண்ணு. தல வலிக்குது."

எஞ்சின் சத்தத்தில் காதில் விழவில்லை என்று பிரின்சியிடம் சொல்லியிருக்கிறேன். நன்றாகவே விழுந்தது.

"டேய், வாந்தி வர்ற மாரி கீதுடா."

அதை வேறு யார் அள்ளுவது என்றுதான் எனக்குத் தோன்றியது. பிறகு பிரின்சியைக் கூப்பிட்டான், இரண்டு தடவை. அவள் கோயிலுக்குப் போனது அவனுக்கு மறந்துபோயிருக்கும். அப்புறம் எஞ்சின் சத்தம் மட்டும்தான் கேட்டது. நான் உடனே எழுந்துவிடவில்லை, ஒரு மணி நேரம் பொறுத்துதான் கதவைத் திறந்தேன்.

முகத்தில் ஈரத்துணியைக் கட்டிக்கொண்டு போய் ஜன்னலைத் திறந்தேன், சாவியைத் திருப்பி வண்டியை நிறுத்தினேன். எலி புகாமலிருக்க சைலன்சரில் துணி அடைத்தேன், கவர் போட்டேன். கட்டில் பக்கம் போகவில்லை. சாவியில் நிறுத்தினால் கார்பரேட்டரில் பெட்ரோல் அப்படியே நிற்கும் என்பது அந்த அவசரத்தில் எனக்குத் தோன்றவில்லை. காயவிட்டேன் என்று நான் எழுதிக் கொடுத்திருந்ததால், கவரைத் தூக்கிப் பார்த்த உங்கள் ஏட்டுக்கு அது தோன்றியிருக்கிறது. வண்டி தெரிந்தவர்.

ஸ்டீவன் அண்ணனைக் கொன்றது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். கூடப் பிறந்தவன் படுகிற வேதனையைப் பார்க்கச் சகிக்காமல்தான் செய்தேன். அதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.