பிளைவுட் தாழ்ப்பாள்

ஆறிப்போன டீயை என்னால் குடிக்க முடியாது. அன்று நான் திரும்பிப் பார்க்காமல் கேன்டீனுக்குப் போனதற்கு அதைத் தவிர வேறு காரணம் இல்லை, சார்.

படிப்பைப் பாதியில் விட்டவன் நான். இரவு ஷிஃப்டையும் அப்படியே விட்டேன். மேஸ்திரிதான் இரக்கப்பட்டு என்னைப் பகலில் குளிர்கிடங்கு வாசலில் போட்டார். உறைந்த இறைச்சிப் பெட்டிகளை உள்ளே தள்ள வேண்டும், வெளியே இழுக்க வேண்டும். மீதி நேரத்தில் நாடகம் எழுதினேன். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. அதை அவரிடமே படிக்கக் கொடுத்தேன்.

நல்ல மனிதர். முழுதும் படித்தார். "எல்லாரும் பேசிக்கிட்டே இருக்காங்கப்பா. யாருக்கு என்ன வேணும்னே தெரியலையே" என்று சிரித்தார். கேன்டீனில் நாலு பேரிடம் சொன்னார். அவர்களும் சிரித்தார்கள்.

மறுவாரம் அவர் சரக்குப் பார்க்க உள்ளே போனபோது வெளித்தாழ்ப்பாளைப் போட்டேன். உள்பக்கக் கைப்பிடி உடைந்து கிடந்தது எல்லோருக்கும் தெரியும். "அதை யாராவது சரி பண்ணுங்கடா" என்று கத்திக்கொண்டிருந்தவரே அவர்தான். தட்டினார். யாருக்கு என்ன வேண்டும் என்பது அப்போது மிகத் தெளிவாக இருந்தது. நான் டீ குடிக்கப் போனேன்.

மாலையில்தான் தேடினார்கள். உள்ளே உறைந்துபோய்க் கிடந்தார். தாழ்ப்பாள் தானாக விழுந்திருக்கும், விபத்து என்று முடித்துவிட்டார்கள்.

அடுத்த ஆண்டு அவர் நினைவாக நாடகம் போடலாம் என்றேன். உண்மைக் கதைதான், ஒரே ஒரு மாற்றம். தாழ்ப்பாளைப் போடுபவன் மகளின் காய்ச்சலை நினைத்துக்கொண்டே தன்னை அறியாமல் போட்டுவிடுகிறான். அந்த வேடத்தை, நெட்டை என்று நாங்கள் கூப்பிடுகிறவனுக்குக் கொடுத்தேன். என்னோடு வாசலில் வேலை பார்த்தவன். மேஸ்திரி செத்த அன்று அவன் மகளுக்கு நிஜமாகவே காய்ச்சல். நான் கண்ணாடி முன் நின்று தாழ்ப்பாள் போட்டுப் பார்த்தால் கொலை மாதிரி தெரிந்தது. அவன் போட்டால் பாவமாக இருந்தது.

"அண்ணே, நான் அன்னைக்குக் கதவுகிட்டவே போகலையே."

"நல்லா யோசிடா. புள்ளைக்குக் காய்ச்சல்னு கிறுக்குப் பிடிச்சவன் மாதிரி அலைஞ்சியே. எங்கெங்க போனேன்னு உனக்கே தெரியுமா?"

"அதென்னவோ... சரியாத் தெரியலண்ணே."

"அந்தத் தெரியலையைத்தான் நடிக்கணும். போடு இன்னொரு தடவை."

ஆடத் தெரியாதவர்கள் மேடை கோணல் என்பார்கள். இவன் மேடையைக் குறை சொல்லவில்லை, தன் ஞாபகத்தைத்தான் சந்தேகப்பட்டான். ஒருநாள் ஒத்திகையில் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான்.

"என்னடா?"

"சில்லுன்னு இருக்குண்ணே."

தாழ்ப்பாள் பிளைவுட்டில் செய்தது. ஓர் இயக்குநர் அதற்குமேல் என்ன கேட்க முடியும்?

அரங்கேற்றத்தில், தாழ்ப்பாளைப் போட்டதும் நெட்டை மேடை விளிம்புக்கு வந்து நின்றான். முன்வரிசையில் மேஸ்திரியின் மனைவி. "அக்கா, நான்தாங்க்கா. அவர் தட்டுறது இன்னும் கேக்குதுக்கா" என்று அழுதான். அது என் வசனம் இல்லை. அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. மறுநாள் காலை ஸ்டேஷனுக்கு வந்து உங்களிடம் சரணடைந்தான்.

நாளைக்கு அவனைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோகிறீர்களாம். அவன் மகள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். அதைத் தாங்க முடியாமல்தான் வந்தேன். நீங்கள் நம்ப மறுக்கிறீர்கள். தாழ்ப்பாள் தொட எப்படி இருந்தது என்று கேட்டீர்கள். கையுறை போட்டிருந்தேன், தெரியாது. எவ்வளவு நேரம் தட்டினார் என்று கேட்டீர்கள். நான் நின்று கேட்கவில்லை. "அவன் சொன்னப்போ நானே பேனாவைக் கீழ வெச்சிட்டேன். நீ சொல்றதுல உயிரே இல்லையேய்யா" என்று சிரித்தீர்கள்.

மேஸ்திரியும் இப்படித்தான் சிரித்தார்.

அவன் வாக்குமூலத்தைப் படித்துக் காட்டினீர்கள். தட்டும் சத்தம் ஒன்று போக, மற்றதெல்லாம் வரிக்கு வரி நான் எழுதியது. அவனை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள், எனக்கு வேறொன்றும் வேண்டாம். ஆனால் அந்தத் தாளை மட்டும் கிழித்துவிடாதீர்கள், சார். நன்றாக வந்திருக்கிறது. மேலே என் பெயரைப் போட்டால் போதும்.